துருத்திக்காரன் எண்ணியது

அமியந்தோஸ் என் பெயர்.
கறைபடாதவன் என்று அர்த்தம்.
என்னை வாங்கிய அன்று எஜமான் வைத்தது.
கரிப்பட்டறைக்கு ஆள் எடுக்கையில்
அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

கொரிந்துவில், வெண்கலம் உருக்கும் சந்தில்,
பதினோரு வருடமாக எனக்கு இரண்டு தோல், இரண்டு கை.
ஒன்று நிரம்ப மற்றது காலியாகும்.
வலக்கைத் தோல் ஒரு கிழட்டுக் கிடா;
கழுத்திருந்த இடத்தில் களிமண் குழல்.
மலையில் மேய்ந்த நாளிலும்
அது இவ்வளவு மூச்சு வாங்கியிராது.
நிரம்பி நிற்கும்போது முழு ஆடுபோலவே தெரியும்.
தூக்கிப் பார்த்தால் வெறுந்தோலின் எடைதான்.
அளவுக்கு மேல் இழுத்தால் விலாத் தையல் பிதுங்கும்,
அந்தச் சத்தம் தூக்கத்திலும் எனக்குத் தெரியும்.

நேற்றிரவு தியோக்லேஸ் வீட்டில் கடிதம் வாசித்தார்கள்.
கடல் தாண்டி எபேசுவிலிருந்து வந்தது.
உலையை அவித்துவிட்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
இறைச்சி முடிந்திருந்தது.
உள்ளே ஒன்பது பேர் சாய்ந்திருந்தார்கள்,
ஒருவர் தன் குருவைச் சொல்லி,
ஒருவர் தன் ஞானத்தைச் சொல்லி.
முற்றத்தில், மழைநீர்த் தொட்டி ஓரம், மீதிப் பேர்.
வாசித்தவன் எப்பிகோனோஸ், துறைமுகச் சுங்கத்தில் கணக்கன்.
மீன்பெட்டி எண்ணுகிற அதே குரலில்
பரலோகத்தையும் வாசிப்பான்.

பாதித் தூக்கத்தில் இருந்தேன்.
அப்போது அந்தச் சொல்.

ஃபூஸா என்றால் துருத்தி.
எங்கள் சந்தில் எந்தப் பொடியனைக் கேட்டாலும் சொல்வான்.
அதை வளைத்து, இழுத்து, வினையாக்கி
மனிதர்மேல் போட்டிருந்தார் கடிதக்காரர்.
துருத்தியாகிவிட்டவர்களாம்.
உள்ளே இருப்பது காற்றாம்.

பெருமைக்கு எங்கள் பாஷையில் வேறு சொல் இல்லாமலா?
மற்றவர் தலைக்கு மேலே தெரிவது என்று ஒன்று உண்டு.
புகை சூழ்ந்து கண் மங்குவது என்று ஒன்று.
சந்தையில் பொய்மருந்து விற்பவனின் வாய்ச்சவடால் என்று ஒன்று.
மேடை ஏறுகிறவர்கள் அவற்றை வைத்துக்கொள்ளட்டும்.
இது பட்டறைச் சொல்.
ஆட்டுவாடை அடிக்கிற சொல்.

உள்ளே யாரோ செருமினார்கள்.
தியோக்லேஸ் நிகாந்தரைப் பார்த்தார்.
நிகாந்தர் தூணைப் பார்த்தார்.
கம்பளி அலசுகிற மெலித்தா
என் விலாவில் முழங்கையால் இடித்தாள்.
மறுபடி வந்தது. மறுபடியும்.
ஆறு முறை. விரல்விட்டு எண்ணினேன்.

இத்தனை பேரில்
இந்தச் சொல்லைக் கையால் அறிந்தவன் நான் ஒருவன்.
ஏடு படித்தவர்கள் காதால் கேட்டார்கள்,
எனக்கோ உள்ளங்கைக் காய்ப்பில் கேட்டது.
எனக்காகவே எழுதினாரோ என்றுகூட...
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
நெஞ்சு விரிந்தது.
அங்கியின் பழைய தையல்
தோளில் பட்டென்று விட்டது.

"ஏழு" என்றாள் மெலித்தா.

காலையில் பார்த்தால்
கிடாத்தோலை எலி கடித்திருக்கிறது.
கீலும் நரம்பும் வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
துருத்தியை நான் குறை சொல்ல மாட்டேன்.
எடுத்த காற்றை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை.
வைத்துக்கொண்டால் உலை அவியும்,
அடி எனக்கு விழும்.

தோள் தையலையும் போட்டாக வேண்டும்.
ஊசி மெலித்தாவிடம் இருக்கிறது.
மூன்று வீடு தள்ளித்தான்.
போய்க் கேட்டால் சிரிப்பாள், கொடுத்தும்விடுவாள்.
ஆனாலும் உச்சிப்பொழுதாகிவிட்டது,
கிழிந்த தோளோடு உட்கார்ந்திருக்கிறேன்,
எழவிடாமல்
ஏதோ ஒன்று, என்ன சொல்வது அதை,
அந்தச் சொல்தான்.